கரி எல்லை தாண்டுகிறது, சாதி தாண்டுவதில்லை

(கோவையில் நண்பர்கள் கூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியது. ஒலிப்பதிவிலிருந்து எழுதி ஆங்காங்கே திருத்தப்பட்டது. பேச்சு வழக்கு கூடியமட்டும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



போன தடவை இங்கே கவிதை வாசித்துவிட்டுப் போன ஆள் இந்தத் தடவை கார்பன் வரி பற்றிப் பேச வந்து நிற்கிறானே, இவனுக்கு என்ன ஆச்சு என்று சிலர் நினைக்கலாம். பகலில் நான் பேங்க் கிளார்க்குங்க. பற்றும் வரவும் ஒத்துப் போகணும். போகலைன்னா ராத்திரி எட்டு மணியானாலும் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. யாருடைய பற்றில் எழுதி யாருடைய வரவில் வைக்கிறார்கள் என்று பார்க்கிற அந்தப் பழக்கத்தில்தான் இந்தச் சமாச்சாரத்தையும் பார்க்கிறேன்.

மேசை மேலே இரண்டு சாமான் வைத்திருக்கிறேன். ஒன்று போல்ட். இன்னொன்று எங்க தெருமுனை ஜிம்மிலிருந்து கேட்டு வாங்கி வந்த எடைத்தட்டு. பத்துக் கிலோ. இரண்டும் இரும்பு. உருக்குகிற இடத்தில் சூடு ஒன்றுதான், புகை ஒன்றுதான், வியர்வையும் ஒன்றுதான். கணபதி, பீளமேடு பக்கம் பவுண்டரியில் வேலை பார்த்தவர்கள் இங்கே நாலைந்து பேர் இருக்கிறீர்கள், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் ஐரோப்பாவின் துறைமுகத்தில் இரண்டும் ஒன்றில்லை. 2023ல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு சட்டம் போட்டது. சிபாம் என்று சுருக்கிச் சொல்கிறார்கள், எல்லைக் கரிச் சட்டம் என்று நாம் வைத்துக்கொள்வோம். ஐரோப்பாவுக்குள் இருக்கும் பெரிய ஆலைகள் தாங்கள் விடும் கரிப்புகைக்கு 2005லிருந்தே அனுமதிச் சீட்டு வாங்கியாக வேண்டும். அந்தச் சீட்டின் விலை 2023 பிப்ரவரியில் டன்னுக்கு 100 யூரோவையே தாண்டியது. 2025ல் பெரும்பாலும் 60க்கும் 80க்கும் நடுவில் இருந்தது. எங்கள் ஆலை காசு கட்டும்போது வெளிநாட்டுச் சரக்கு காசு கட்டாமல் உள்ளே வரலாமா என்று அவர்கள் கேட்டார்கள். அதனால் இரும்பு, அலுமினியம், சிமெண்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவை உள்ளே வரும்போது அவற்றுக்குள் எத்தனை கரி என்று கணக்குக் காட்ட வேண்டும். 2023 அக்டோபரிலிருந்து வெறும் கணக்கு. 2026 ஜனவரி 1லிருந்து காசு. அங்கே இறக்குமதி செய்கிறவன்தான் சீட்டு வாங்க வேண்டும். சீட்டு விற்பனை 2027 பிப்ரவரியில். வருசத்துக்கு 50 டன்னுக்குள் வாங்குகிற சின்ன இறக்குமதியாளனை 2025ல் விட்டுவிட்டார்கள்.

இந்தப் போல்ட் பட்டியலில் இருக்கிறது. சுங்க அட்டவணையில் 73ஆம் அத்தியாயம். எடைத்தட்டு 95ஆம் அத்தியாயம், அதாவது விளையாட்டுச் சாமான். அது பட்டியலில் இல்லை. கிரிக்கெட் மட்டை, கால்பந்து, டம்பெல் எதுவும் இல்லை. அட்டவணை என்ற சொல்லைக் கேட்டாலே நமக்குக் காது விடைத்துக்கொள்ளும், இல்லையா? எந்த அட்டவணையில் உன் பேர் இருக்கிறது என்பதை வைத்துத்தானே எல்லாம். இரும்புக்கும் அந்த விதி வந்துவிட்டது.

அப்படியானால் விளையாட்டுச் சாமான் செய்கிறவர்கள் தப்பித்தார்களா? இல்லை. டம்பெல்லுக்குள் இருக்கும் கம்பி, சைக்கிள் சட்டம் செய்யும் அலுமினியக் குழாய் எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. ஐரோப்பாவில் உட்கார்ந்து டம்பெல் செய்கிறவன் நம் கம்பியை வாங்கினால் சீட்டு வாங்க வேண்டும். முழு டம்பெல்லையே இறக்கினால் வேண்டாம். இந்த ஓட்டையை அவர்களும் பார்த்துவிட்டார்கள். 2025 டிசம்பரில், இரும்பும் அலுமினியமும் மிகுந்த இன்னும் 180 வகைச் சாமான்களை உள்ளே கொண்டுவரலாம் என்று ஐரோப்பிய ஆணையம் முன்மொழிந்தது. பட்டியல் நீளும். இன்றைக்கு வெளியே இருப்பது நாளைக்கும் வெளியே இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

நம் நாட்டு இரும்பில் கரி அதிகம். ஒரு டன் எஃகுக்கு உலகச் சராசரி 1.9 டன் கரிப்புகை, இந்தியாவில் 2.5 டன். எஃகுத் துறை அமைச்சகமே 2024ல் ஒத்துக்கொண்ட கணக்கு இது. ஒரு யூரோ 100 ரூபாய், ஒரு டன் கரி 70 யூரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். சலுகையெல்லாம் போய் (2034 வரை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போகும்) முழுச்சீட்டும் வாங்க வேண்டிவந்தால், ஒரு கிலோ எஃகுக்கு பதினேழரை ரூபாய். இந்தத் தட்டின் எடைக்கு 175 ரூபாய். யாரோ ஒருவர் கொடுத்தாக வேண்டும்.

சரி, இரும்பை விடுங்க. நம்ம ஊரில் விளையாட்டுச் சாமான் என்றால் திருப்பூர்தான். ஓட்டக்காரன் போடுகிற பனியன், கால்பந்துக்காரன் போடுகிற ஜெர்சி, ஜிம்முக்குப் போகிறவன் போடுகிற டிராக். துணி எல்லைச் சட்டத்தில் இல்லை. ஆனால் சட்டம் வருவதற்கு முன்னாலேயே கம்பெனி வந்துவிட்டது. 2018ல் ஐ.நா. பின்னணியில் ஒரு ஆடைத்தொழில் சாசனம் போட்டார்கள். அடிடாஸ், பூமா, நைக்கி எல்லாம் கையெழுத்து. 2023 ஜனவரியிலிருந்து புதுசாக நிலக்கரிக் கொதிகலன் கூடாது, 2030க்குள் சப்ளை செய்கிறவர்கள் நிலக்கரியையே விட வேண்டும் என்றும் பிற்பாடு சேர்த்துக்கொண்டார்கள். ஆகவே பிராண்டுக்காரன் எக்ஸ்போர்ட்டரைக் கேட்கிறான், எக்ஸ்போர்ட்டர் சாயப்பட்டறையைக் கேட்கிறார், சாயப்பட்டறைக்காரர் கொதிகலன் கணக்கை எடுத்துக் கொடுக்கிறார்.

கொதிகலனில் என்ன எரிகிறது? பெரும்பாலும் விறகு. வேலிக்காத்தான். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து லாரி லாரியாக வருகிறது. இந்த விறகுக்குக் கரிக் கணக்கில் என்ன விலை தெரியுமா? பூஜ்யம். மரம் வளரும்போது உறிஞ்சிய கரிதான் எரியும்போது வெளியே வருகிறது, ஆகவே கழித்துக்கொள்ளலாம் என்பது விதி. நியாயம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் முள் குத்திச் சீழ் வைத்த கையோடு அந்த விறகை வெட்டியவன், கொதிகலன் வாயில் தள்ளுகிறவன், அவனும் அந்தப் பூஜ்யத்துக்குள்ளேயே போய்விடுகிறான். வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது. வெளியில் அடிக்கும் வெயில் பேரிடர் என்றால், கொதிகலன் முன்னால் நிற்பவனுடைய சூட்டுக்கு என்ன பேர்?

பாட்டிலையும் சொல்லணும். 2010 உலகக் கோப்பைக் கால்பந்தில் நைக்கி கொடுத்த சட்டைகள் பழைய பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கிய நூலில் நெய்தவை. ஒரு சட்டைக்கு 8 பாட்டில் வரை. இன்றைக்குக் கரூரிலும் பாட்டிலிலிருந்து நூல் எடுக்கிறார்கள். 2023 பிப்ரவரியில் பிரதமர் நாடாளுமன்றத்துக்குப் போட்டு வந்த நீலக் கோட்டின் துணி கரூரிலிருந்து போனதுதான். கரி குறைந்தது, பிராண்டுக்கு வரவு. பாட்டிலைக் குப்பையிலிருந்து பொறுக்கியது யார்? நம்ம சனங்க. அவர்கள் எந்த வரவிலும் இல்லை.

எனக்குத் தெரிந்த டெய்லர் அக்கா ஒருத்தர் பல்லடம் ரோட்டில் ஓவர்லாக் ஓட்டுகிறார். ஒரு ஜெர்சிக்குள் ஐந்து கிலோ கரி என்று வைத்துக்கொண்டால் அதே 70 யூரோ கணக்கில் 35 ரூபாய் வரும் என்று அவரிடம் சொன்னேன். சிரித்தார். "ஏந் தம்பி, பிசிர் வெட்டுற புள்ளையிலிருந்து அயர்ன்காரன் வரைக்கும் அத்தனை கைக்கும் சேர்த்தாலும் சாதா பனியனுக்கு அவ்வளவு வராதே" என்றார். புகையின் விலை கூலியைவிட அதிகம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டபோது என்ன நடந்தது? வாங்குகிறவன் தள்ளுபடி கேட்டான், ஷிப்ட் குறைந்தது, பீஸ் ரேட்டில் கை வைத்தார்கள். நூல் விலை, மின்கட்டணம், வங்கி வட்டி மூன்றிலும் முதலாளியால் பேரம் பேச முடியாது. அவர் பேரம் பேசக்கூடிய இடம் ஒன்றே ஒன்று, அது கூலி. கரியின் விலையும் அந்தப் பள்ளத்தைப் பார்த்துத்தான் ஓடிவரும்.

இது ஊகம் இல்லைங்க. விளையாட்டுச் சாமானிலேயே ஒரு தடவை நடந்திருக்கிறது. பிரிவினைக்கு முன்னால் இந்தத் தொழிலுக்குத் தலைநகரம் சியால்கோட். 1947ல் அங்கிருந்து வந்த வியாபாரிகளும் கைவினைஞர்களும் ஜலந்தரில் உட்கார்ந்தார்கள். இரண்டு ஊரிலும் பந்து வீட்டில்தான் தைத்தார்கள். 32 துண்டு, ஊசியும் மெழுகு நூலும், அறுநூறுக்கு மேல் தையல். ஜலந்தரில் தைத்தவர்களில் பெரும்பகுதி தலித்துகள். பந்து தோலில் செய்யப்பட்ட காலத்தில் தோலைத் தொடும் சாதிதானே அதைத் தொட முடியும். அந்தச் சாதியில் பிறந்த பல்வங்கர் பாலு பந்துவீச்சில் பேர் வாங்கிய பிறகும் டீயை வெளியில் வைத்து மண்கலயத்தில்தான் கொடுத்தார்கள். பிறகு 1986 உலகக் கோப்பையில் பந்து முழுக்கச் செயற்கைப் பொருளாகிவிட்டது. தோல் போனது, தைக்கிற சாதி மட்டும் மாறவில்லை.

1990களில் குழந்தைகள் பந்து தைக்கும் படங்கள் மேற்கில் பரவின. 1997 பிப்ரவரியில் அட்லாண்டாவில் ஒரு ஒப்பந்தம். ஐ.எல்.ஓ., யுனிசெஃப், சியால்கோட் வணிகர் சபை மூன்றும் கையெழுத்து. தையலை வீட்டிலிருந்து எடுத்துக் கண்காணிக்கக்கூடிய மையங்களுக்குக் கொண்டுபோனார்கள். ஜலந்தரிலும் கண்காணிப்பு வந்தது. குழந்தை தைக்கக்கூடாது என்பதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் வீட்டு வாசலில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்த பெண்களால் தூரத்து மையங்களுக்குப் போக முடியவில்லை. வருமானம் போனது. பிராண்டின் பேர் சுத்தமானது. அதற்கான செலவு அந்தப் பெண்களின் பற்றில் எழுதப்பட்டது. 2006ல் உலகக் கோப்பைப் பந்தையே சூட்டில் ஒட்டிவிட்டார்கள், அந்தப் பந்தில் ஊசிக்கு வேலையே இல்லை.

நம்ம நொய்யல் கதையும் அப்படித்தான். ஒரத்துப்பாளையம் அணை சாயத் தொட்டியானது உண்மை. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னதும் சரிதான். சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. பட்டறை மூடியிருந்த மாதங்களில் வேலை இழந்தவனுக்கு அப்படி ஒரு கடனைக் கொடுத்ததாக நான் எந்தப் பேரேட்டிலும் பார்க்கவில்லை.

எங்க வீட்டுக் கதை ஒன்று. எங்க தாத்தா கவலைச் சாலுக்குத் தோல் தைத்துக் கொடுத்தவர். கிணற்றடியில் மாடு இழுக்க, தோல் சாலில் தண்ணீர் மேலே வரும். சால் கிழிந்தால் எங்க வளவுக்கு ஆள் வரும். கூலி தானியம், அறுவடைக்கு அறுவடை. கேவலமான ஏற்பாடு, அதற்காக நான் அழவில்லை. 1930களில் பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்தது. மில் வந்தது, பிறகு மோட்டார் பம்பு வந்தது. கிணறு வைத்திருந்தவருக்கு மோட்டார், மோட்டார் செய்தவருக்கு பவுண்டரி. தாத்தாவுக்கு? தைக்கிற வேலை போனது, தோல் தொட்டவன் என்ற பேர் மட்டும் நின்றது. இப்போது ஆற்றல் மாறும்போது தொழிலாளியைக் கைவிடக்கூடாது, நியாயமான மாற்றம் வேண்டும் என்று உலக மாநாடுகளில் பேசுகிறார்கள். அந்தப் பேச்சு எங்க வளவுக்குத் தொண்ணூறு வருசம் பிந்தி வருகிறது.

அம்பேத்கர் 1942லிருந்து 1946 வரை வைசிராய் கவுன்சிலில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தார் என்பது நமக்குத் தெரியும். மின்சாரமும் பாசனமும் அவர் மேசையில்தான் இருந்தன என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. கூலியும் மின்சாரமும் ஒரே கோப்பில் இருந்த காலம் அது. இப்போது கூலி ஒரு அமைச்சகம், கரி ஒரு அமைச்சகம், ஏற்றுமதி ஒரு அமைச்சகம்.

இனி நான் சொல்ல வந்ததுக்கு வருகிறேன். எல்லைக் கரிச் சட்டத்தை இந்திய அரசு எதிர்க்கிறது. என்ன சொல்லி? காற்றை இத்தனை வருசம் நாசம் பண்ணியவன் நீ, பணம் சேர்த்தவன் நீ, இப்போது எங்களையும் உன்னோடு சமமாக வைத்து வசூலிக்கிறாய், வரலாற்றுப் பொறுப்பு என்று ஒன்று இல்லையா என்று. கேட்கும்போது எனக்குப் புல்லரிக்கிறது. இது இடஒதுக்கீட்டுக்கு நாம் சொல்லும் வாதம்தானே! தலைமுறை தலைமுறையாக எடுத்துக்கொண்டவனுக்குத் தனிப் பொறுப்பு உண்டு, எல்லோரும் சமம் என்று இன்றைக்குக் காலையிலிருந்து கணக்கை ஆரம்பிக்கக்கூடாது. ஜெனீவாவில் இதைப் பேசுகிறவர் கோவையில் இறங்கியதும் தகுதி, திறமை என்று ஆரம்பித்துவிடுவார்.

1996ல் சிங்கப்பூரில் உலக வர்த்தக அமைப்பு கூடியபோது, வர்த்தக ஒப்பந்தத்தில் தொழிலாளர் உரிமையைச் சேர்க்கலாம் என்ற பேச்சு வந்தது. சமூகக் கூறு என்று அப்போது நம் பத்திரிகைகள் எழுதின. கூடாது, அது பணக்கார நாடுகளின் தந்திரம் என்று இந்தியா எதிர்த்தது. தந்திரம் அதில் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். 2001ல் டர்பனில் இனவெறிக்கு எதிரான மாநாட்டுக்குத் தலித்துகள் போய், சாதியையும் பேசுங்கள் என்றபோது, அது எங்கள் உள்நாட்டு விவகாரம் என்று அரசு கதவைச் சாத்தியது. இப்போது பாருங்கள். இந்தப் போல்ட்டுக்குள் இருக்கும் கரி உள்நாட்டு விவகாரம் இல்லை. துறைமுகத்தில் அதைக் கிலோக் கணக்கில் எடுக்கிறார்கள். போல்ட்டுக்குள் இருக்கும் சாதியை எந்தத் துறைமுகமும் எடைபோடுவதில்லை. ஐரோப்பாக்காரன் கேட்பதில்லை, நம்மாள் சொல்வதில்லை. அந்த ஒரு விசயத்தில் ரெண்டு பேருக்கும் நல்ல ஒற்றுமை.

கேட்கவே முடியாதா என்றால், முடியும். திண்டுக்கல்லில் கேட்டார்கள். 2021 ஜனவரியில் அங்கே ஒரு ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த 20 வயதுத் தலித் பெண் கொலை செய்யப்பட்டார். தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடவில்லை. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆலை நிர்வாகம் ஒரு பக்கம், துணி வாங்கும் எச் அண்ட் எம், கேப் போன்ற பிராண்டுகள் ஒரு பக்கம். பாலியல் துன்புறுத்தலோடு சாதிப் பாகுபாடும் அதில் எழுத்தில் இருந்தது. மீறினால் வியாபாரத்தில் அடி விழும் என்ற பிடியும் இருந்தது. நல்லெண்ணச் சான்றிதழ் இல்லைங்க, ஒப்பந்தம். வித்தியாசம் பேங்கில் வேலை பார்க்கிறவனுக்கு நல்லாத் தெரியும். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டலாம். ஒப்பந்தத்தைக் கொண்டு வழக்குப் போடலாம்.

அந்த வழியில்தான் கரியையும் பிடிக்கணும் என்கிறேன். கரிக்கு விலையே கூடாது என்று முதலாளிமார் சங்கத்தோடு சேர்ந்து நாம் கத்த வேண்டியதில்லை. வெயில் முதலில் நம்ம தகரக் கூரையில்தான் இறங்குகிறது. இங்கேயும் கரிக்கு விலை புதுசு இல்லை. 2010ல் டன் நிலக்கரிக்கு 50 ரூபாய் என்று ஆரம்பித்த வரி 2016ல் 400 ஆனது. சுத்தமான ஆற்றலுக்கு என்று சொல்லி வாங்கிய பணத்தை 2017ல் ஜிஎஸ்டி இழப்பீட்டுக்குத் திருப்பிவிட்டார்கள். 2025 செப்டம்பரில் அந்த வரியை எடுத்துவிட்டு ஜிஎஸ்டியை 18 சதவீதம் ஆக்கினார்கள். ஐரோப்பாவும் எல்லையில் வசூலிக்கும் காசை, விற்பவன் நாட்டுத் தொழிலாளிக்கு அனுப்பப் போவதில்லை. அவர்கள் பட்ஜெட்டுக்குத்தான். கேட்டால் கிடைக்குமா தெரியாது, கேட்காமல் கிடைக்காது.

அதற்கு முன்னால் கையில் கிடைக்கிற வேலை ஒன்று உண்டு. பிராண்டுக்குப் போகிற கொதிகலன் கணக்கு, மின்சாரக் கணக்கு எல்லாம் ஆலையில் இருக்கின்றன. அதன் நகலைச் சங்கம் கேட்கட்டும். கொதிகலன் மாறினால் எத்தனை பேருக்கு வேலை போகும், அவர்களுக்கு எங்கே வேலை, பீஸ் ரேட்டில் கை வைக்கமாட்டோம் என்ற உறுதி எங்கே, இது மூன்றும் அதே காகிதத்தில் வரணும். முதலில் சிரிப்பார்கள். திண்டுக்கல்லிலும் முதலில் சிரித்திருப்பார்கள்.

போன மாதம் எங்க கிளைக்கு ஒரு பனியன் கம்பெனிக்காரர் கொதிகலன் மாற்றக் கடன் கேட்டு வந்தார். பசுமைக் கடன், வட்டி குறைவு. பக்கத்துக் கவுண்டரில் அவர் கம்பெனியிலேயே செக்கிங் பண்ணுகிற அம்மா, தோட்டை அடகு வைக்க நிற்கிறார். அவருக்கு வட்டி கூடுதல். விண்ணப்பத்தில் வருசத்துக்கு எத்தனை டன் கரி குறையும் என்று ஒரு கட்டம் இருந்தது. எத்தனை பேருக்கு வேலை குறையும் என்று கட்டம் இல்லை. ஓரத்தில் பென்சிலால் அந்தக் கேள்வியை எழுதி மேலே அனுப்பினேன். ரப்பரால் அழித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள். அழித்த இடம் இன்னும் தெரிகிறது, கோப்பு என் மேசையில்தான் இருக்கிறது.

டீ வந்திருச்சு போல. கேள்வி இருந்தா கேளுங்க.